தீபாவளிக்குப் பாத்திரமா, பயணமா?

கேள்வி: சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறேன். 30 பேர் வேலை செய்கிறார்கள். தீபாவளிக்கு போனசோடு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பது வழக்கம். இந்த வருடம் அதற்குப் பதில் எல்லோரையும் டூர் அழைத்துப் போகலாமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் போனசில் கை வைக்காதீர்கள். குறைந்தது 8.33 சதவீதம் என்பது சட்டம் தரும் உரிமை. அது பரிசாகாது. பாத்திரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் மட்டும் பயணம் போங்கள்.

பொருளை வாங்குவதைவிட அனுபவத்துக்குச் செலவிடுவது கூடுதல் மகிழ்ச்சி தருகிறது என்று வான் போவன், கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003-இல் எழுதினார்கள். டப்பா அலமாரிக்குள் போய்விடும். கொடிவேரி அணையில் சேர்ந்து குளித்து, மீன் வறுவல் சாப்பிட்டதை அடுத்த தீபாவளி வரை ஓவர்லாக் மெஷின் சத்தத்துக்கு நடுவிலும் பேசிக்கொண்டிருப்பார்கள். (தண்ணீர் அதிகம் வந்தால் அங்கே குளிக்க விடமாட்டார்கள். விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.)

எனக்குள்ள கவலை வேறு. பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. அந்தக் கூலியைக் கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் வைக்காதீர்கள், பெண்களுக்குத் துணி துவைக்கவும் ரேஷனுக்குப் போகவும் அந்த ஒரு நாள்தான் இருக்கிறது. குழந்தைகளையும் கூட்டி வரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள். எங்கே போவதென்று செக்கிங் அக்காக்களிடம் முதலில் கேளுங்கள். பழனி என்று சொன்னால் பழனிக்கே போங்கள்.

நீங்களும் காரை வீட்டில் விட்டுவிட்டு, அதே பஸ்ஸில் ஏறுங்கள்.