கலர் சோர்ட்டருக்கு வேண்டும், வாட்டும் மாடிக்கு வேண்டாம்

எம்பெடட் வேலைக்குக் கொழும்பில் இன்டர்வியூவா? பக்கத்து நாற்காலியில் மொரட்டுவைப் பட்டதாரி இருப்பார். பட்டத்தில் அவரோடு மோதாதீர்கள். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ வளர்ந்த உங்களுக்குத் தேயிலை பெக்டரி தெரியும். அதைக் காசாக்குங்கள்.

1. ‘ரியல்-டைம் என்றால் வேகம்’ என்றால் அங்கேயே அவுட். சொன்ன நேரத்துக்குள் முடிப்பதுதான் ரியல்-டைம். கலர் சோர்ட்டரில் தூளோடு குச்சியும் விழுகிறது. கெமரா பிடித்த சில மில்லிசெக்கனில் காற்று பாய்ந்து குச்சியைத் தள்ள வேண்டும். பிந்தினால் குச்சி தப்பும், நல்ல தூள் கழிவுக்குப் போகும். கொழுந்து வாட்டும் மாடியிலோ வேலை மணிக்கணக்கில் நடக்கிறது. ஈரப்பத ரீடிங் ஒரு நிமிடம் பிந்தினால் ஒன்றும் ஆகாது. சாதாரண லூப் போதும். ‘இதற்கு ஆர்டிஓஎஸ் (ரியல்-டைம் ஓஎஸ்) தேவையில்லை’ என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் பேனல் நிமிர்ந்து பார்க்கும்.

2. இஎஸ்பி32 போர்ட் ஒன்று வாங்குங்கள். 2003இல் ரிச்சர்ட் பாரி தொடங்கிய ஃப்ரீஆர்டிஓஎஸ் அதன் மென்பொருள் கிட்டிலேயே வருகிறது, இலவசம். கையில் காசில்லையா, வோக்வி சிமுலேட்டர் பிரவுசரில் ஓடும். ‘எல்ஈடி மினுக்கினேன்’ என்று சீவியில் எழுதாதீர்கள். எல்லோரும் மினுக்கியிருக்கிறார்கள்.

3. ப்ரயோரிட்டி இன்வெர்ஷன் கட்டாயம் கேட்பார்கள். தோட்டத்துக் கதையாகச் சொல்லுங்கள்: துரைக்கு வேண்டிய ஸ்டோர் சாவி ஒரு தொழிலாளியிடம். கங்காணி அவரை வேறு வேலைக்கு இழுத்துவிட்டார். துரை கதவடியில் நிற்கிறார். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்துக்கு நடந்தது இதுதான்: முக்கியமான டாஸ்க் காத்திருந்து காத்திருந்து, கம்ப்யூட்டர் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. மருந்து, ப்ரயோரிட்டி இன்ஹெரிட்டன்ஸ். சாவியைத் திருப்பித் தரும்வரை தொழிலாளிக்குத் துரையின் அந்தஸ்து. கங்காணி கூப்பிட முடியாது.

கதை சொல்வதோடு நின்றால் நீங்களும் கூட்டத்தில் ஒருவர். மூன்று டாஸ்க் எழுதி, ஒரே கோரில் ஓட்டிப் பிரச்சினையை நீங்களே உண்டாக்குங்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் பைனரி செமஃபோர் போட்டால் துரை நிற்பார். மியூட்டெக்ஸ் போட்டால் சாவி வரும். இரண்டு தடவையும் ஓடிய பதிவை கிட்ஹப்பில் போடுங்கள்.

4. ‘உங்கள் டாஸ்க் எத்தனை மில்லிசெக்கன் பிந்தும்?’ என்றால் சராசரியைச் சொல்லாதீர்கள். ஆயிரம் தடவை ஓட்டி, ஆக மோசமாகப் பிந்தியதைச் சொல்லுங்கள். வைஃபை ஓடும்போதும் அளந்தீர்களா என்று அடுத்த கேள்வி வரும். அளந்துவிட்டே பஸ் ஏறுங்கள்.