யார் வெளியே? ஓட்டுக் கணக்கில் ஒரு விந்தை

பெங்களூர் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருக்கிறது இருங்காட்டுக்கோட்டை. மோட்டார் கார்த் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர். 1990-ல் திறக்கப்பட்ட மோட்டார் பந்தயப் பாதை ஒன்றும் அங்கே உண்டு. பந்தயத்தில் வென்றவர் யார் என்று கடிகாரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். விவாதத்துக்கு இடமில்லை.

அங்கிருந்து சென்னையை நோக்கிச் சில கிலோமீட்டர் வந்தால் செம்பரம்பாக்கம். அங்குள்ள ஈ.வி.பி. படப்பிடிப்பு நகரில்தான், விஜய் தொலைக்காட்சியில் 2017 ஜூன் 25-ல் தொடங்கிய ‘பிக் பாஸ்’ நிகழ்ச்சிக்கான வீடு அமைக்கப்பட்டது. 1999-ல் நெதர்லாந்து நாட்டில் பிறந்த விளையாட்டு இது. இங்கே கடிகாரம் எதையும் தீர்மானிப்பதில்லை. ஓட்டுத்தான் தீர்மானிக்கிறது.

விதியைச் சுருக்கமாகப் பார்ப்போம். வீட்டில் உள்ளவர்கள் வழக்கமாகத் தனி அறைக்குப் போய், வெளியேற வேண்டியவர்கள் என்று இரண்டு பேரைக் குறிப்பிடுவார்கள். வெளியே வந்து அவர்களிடமே சிரித்துப் பேசுவதும் உண்டு! இப்படி அதிகமாகக் குறிப்பிடப்பட்டவர்களுக்கு நேயர்கள் ஓட்டுப் போடுவார்கள். இங்கேதான் கவனிக்க வேண்டும். நேயர் போடுவது ‘காப்பாற்றும்’ ஓட்டு. ‘வெளியேற்றும்’ ஓட்டு என்று ஒன்று கிடையாது. மிகக் குறைந்த ஓட்டுப் பெற்றவர் வீட்டைவிட்டுப் போக வேண்டும்.

எந்தப் பக்கமாகக் கேட்டால் என்ன, விடை ஒன்றுதானே என்று நினைக்கிறீர்களா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

களத்தில் மூன்று பேர் இருப்பதாகக் கொள்வோம்: அடாவடிக்காரர் ஒருவர், கலகலப்பானவர் ஒருவர், அமைதியானவர் ஒருவர். நேயர்கள் 100 பேர். 40 பேருக்கு அடாவடிக்காரர்தான் உயிர். 35 பேருக்குக் கலகலப்பானவர். மீதி 25 பேருக்கு அமைதியானவர். முதல் இரு கூட்டத்தாரும் ஒருவர் நாயகரை மற்றவர் வெறுக்கிறார்கள். ஆனால் இரு சாராருக்கும் அமைதியானவர்மேல் கோபம் இல்லை, இரண்டாம் இடம் தருவார்கள். அமைதியானவரின் 25 பேருக்கோ அடாவடிக்காரரை அறவே பிடிக்காது.

காப்பாற்றும் ஓட்டு 40, 35, 25. எனவே அமைதியானவர் வெளியே. இதே நூறு பேரிடம், “யார் போக வேண்டும்?” என்று கேட்டிருந்தால்? 35 பேரும் 25 பேரும் சேர்ந்து 60 பேர் அடாவடிக்காரரைக் காட்டுவார்கள். யாருடைய மனமும் மாறவில்லை. கேள்விதான் மாறியது, தீர்ப்பு தலைகீழாகிவிட்டது.

இருவர் இருவராக மோதவிட்டுப் பாருங்கள். அமைதியானவருக்கும் அடாவடிக்காரருக்கும் போட்டி என்றால் 60-க்கு 40. அமைதியானவருக்கும் கலகலப்பானவருக்கும் என்றால் 65-க்கு 35. இரண்டிலும் அமைதியானவருக்கே வெற்றி. இரண்டு பேரையும் தனித்தனியே வெல்லக்கூடியவர்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்! இப்படி இருவர் இருவராக ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை 1785-ல் விரிவாக ஆராய்ந்தவர் கொண்டார்செ என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர்.

இன்னொரு சங்கதி. மூன்று பேர் களத்தில் நிற்கும்போது, மொத்த ஓட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ள ஒருவர் கடைசி இடத்துக்கு வரவே முடியாது. ஐந்து பேர் நின்றால் நூற்றுக்கு 21 ஓட்டே போதும். மீதி 79 பேரும் அவரை வெறுத்தாலும் அசைக்க முடியாது. நான்கு பேரும் 20-க்குக் குறையாமல் வாங்க, மீதி 79 ஓட்டு போதாதல்லவா? ஆகவே வீட்டில் சிலர் ஓயாமல் சண்டை பிடிப்பதை வெறும் முன்கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாருக்கும் ஓரளவு பிடித்தவராக இருப்பதைவிட, சிலருக்கு மிகவும் பிடித்தவராக இருப்பதே இந்த விதிக்கு ஏற்றது. கோபம் பாதி நடிப்பாகவும் இருக்கலாம்.

நேயர்களும் பாசாங்கு செய்யலாம். நம் கணக்கில், ‘நம்மவர்தான் எப்படியும் தப்பிவிடுவாரே’ என்று நினைத்து, கலகலப்பானவரை மாட்டிவிடும் ஆசையில் 8 அடாவடி ரசிகர்கள் அமைதியானவருக்கு ஓட்டுப் போட்டால்? 32, 35, 33. வெளியேறுவது அவர்களுடைய நாயகரேதான்! கலகலப்பானவரிடம் 35 உறுதியாக இருப்பதால் அவரைக் கடைசிக்குத் தள்ளவே முடியாது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

தற்செயலுக்கும் இதில் பங்கு உண்டு. இரண்டு பேர் சமமாகப் பிடித்தமானவர்கள். 10,000 பேர் நாணயம் சுண்டியதுபோல இருவரில் ஒருவருக்கு ஓட்டுப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சரியாக 5,000, 5,000 என்று வருமா? அரிதிலும் அரிது. 10,000-ன் வர்க்கமூலம் 100. வித்தியாசம் ஏறக்குறைய இந்த அளவில் இருக்கும். மூன்றில் ஒரு தடவை இதற்கும் மேலே போகும். ‘பிக் பாஸ்’ முதல் பருவத்தில் ஒருவரே ஒரு நாளில் பல ஓட்டுகள் போட இடம் இருந்தது. ஆளுக்குப் பத்து ஓட்டு, பத்தும் ஒரே பெயருக்கு என்றால், 10,000 ஓட்டு என்பது உண்மையில் 1,000 பேர்தான். அதன் வர்க்கமூலம் சுமார் 32. பத்தால் பெருக்க 320. தற்செயலின் ஆட்டம் மும்மடங்கு ஆகிவிடுகிறது.

உங்கள் வகுப்பிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். இட்லி, பூரி, பொங்கல் ஆகிய மூன்றையும் பிடித்த வரிசையில் ஒவ்வொருவரும் ஒரு துண்டுத்தாளில் எழுதட்டும். முதலில், முதலிடங்களை மட்டும் எண்ணுங்கள். பிறகு கடைசி இடங்களை எண்ணுங்கள். அடுத்து, முதல் இடத்துக்கு 2, இரண்டாம் இடத்துக்கு 1 என மதிப்பெண் போட்டுக் கூட்டுங்கள். (நம் நூறு பேருக்கு இப்படிக் கூட்டினால் அமைதியானவருக்கு 125, கலகலப்பானவருக்கு 95, அடாவடிக்காரருக்கு 80. வரிசை அப்படியே கவிழ்ந்துவிட்டது!) கடைசியாக, இரண்டு இரண்டாக மோதவிடுங்கள். இட்லி பூரியை வெல்ல, பூரி பொங்கலை வெல்ல, பொங்கல் இட்லியை வென்று வட்டமடித்தால், எண்ணியது தப்போ என்று தாள்களைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். கொண்டார்செயும் அந்த வட்டத்தைக் கண்டுதான் திகைத்தார்.