பனிக்கடலுக்குப் போக ஹல் மட்டும் ஸ்ட்ராங்கா இருந்தா போதுமா?

கோவளம் பீச்சில் நம்ம கால் நனைக்கிற தண்ணீர் டிசம்பரில்கூட 25 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். அண்டார்டிகா ஓரத்தில் அதே உப்புத் தண்ணீர் மைனஸ் 1.8 டிகிரியில், உறையலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கும். இந்த இரண்டு வகைத் தண்ணீரிலும் ஓடிய ஒரு இந்தியக் கப்பல் இருக்கு. அதை நடத்துகிற ஆபீஸ் நமக்குப் பக்கத்தில், பள்ளிக்கரணையில்தான். வேளச்சேரி–தாம்பரம் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது என்.ஐ.ஓ.டி. போர்டைப் பார்த்திருப்பீங்க. தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். கப்பலின் பெயர் 'சாகர் நிதி'.

104 மீட்டர் நீளம். இத்தாலியின் ஃபின்கான்டியெரி கட்டிக் கொடுத்தது. டீசல்-எலக்ட்ரிக் கப்பல், கரைக்கு வராமல் 45 நாள் வரை கடலில் இருக்கலாம். தெற்கே 66 டிகிரி அட்சரேகை வரை போன முதல் இந்தியக் கொடி ஆராய்ச்சிக் கப்பல் இதுதான். இதைப் பற்றி எங்கே படித்தாலும் 'ஐஸ்-ஸ்ட்ரெங்தன்ட்' என்று ஒரு வார்த்தை வரும். பனிக்கட்டி உரசினால் தாங்குகிற மாதிரி ஹல்லைப் பலப்படுத்தியிருக்காங்க என்று அர்த்தம். ஐஸ்பிரேக்கர் வேற, அது பனியை ஏறி மிதித்து உடைத்துக்கிட்டுப் போகும். இரண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்காதீங்க.

இப்போ கேள்வி: ஹல் பலமா இருந்தா போதுமா?

2007 நவம்பர் 23-ஐ எடுத்துக்கலாம். 'எக்ஸ்ப்ளோரர்' என்ற பயணிகள் கப்பல். 1969-ல் கட்டினது, பனிக்கடலுக்கென்றே ஹல்லைப் பலப்படுத்தினது. அண்டார்டிக் தீபகற்பம் பக்கத்தில் பனியில் இடித்து, தண்ணீர் உள்ளே வந்து, முழுகிப் போச்சு. 154 பேரும் பிழைச்சாங்க. ஆனா அவங்க சில மணி நேரம் உட்கார்ந்திருந்தது மேல்கூரை இல்லாத திறந்த லைஃப்போட்டில். கடல் அன்றைக்கு அமைதியா இருந்தது, 'நோர்ட்நோர்கே' என்ற நார்வே கப்பல் பக்கத்தில் இருந்தது. இந்த இரண்டில் ஒண்ணு இல்லைன்னாலும் கதை வேற.

போலார் கோட் என்ற சர்வதேச விதித் தொகுப்பு 2017 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. கப்பல் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையில் 14-வது அத்தியாயமா இதைச் சேர்த்தாங்க. தெற்கே 60 டிகிரியைத் தாண்டினா முழுக்க இதன் எல்லை. பனியின் தடிமனை வைத்துக் கப்பல்களை ஏ, பி, சி என்று மூணா பிரிக்குது. ஆனா எனக்கு முக்கியமாப் படுற எண் வேற ஒண்ணு: 5 நாள். உதவி வந்து சேர ஆகும் நேரத்தை எவ்வளவு நம்பிக்கையா கணக்குப் போட்டாலும் 5 நாளுக்குக் குறைவா எடுத்துக்கக் கூடாது. அந்த 5 நாளும் கப்பலில் உள்ள எல்லாரும் உயிரோடு இருக்கணும். மூடிய லைஃப்போட், ஒவ்வொருத்தருக்கும் குளிர் தாங்குற உடை, சாப்பாடு, வெளிச்சம், ரேடியோவுக்கு பேட்டரி எல்லாமே இந்த ஒரு எண்ணிலிருந்து வருது. குளிரில் பேட்டரி கொள்ளளவு எவ்வளவு விழும்னு ட்ரிபிள்-ஈ ஆட்களுக்குத் தெரியும்.

சரி, நம்ம மாதிரி சூடான கடலில் பழகின கப்பலைத் தயார் பண்ணணும்னா எங்கே கை வைக்கணும்? முதலில் ஸ்டெபிலிட்டி.

அலை அடிச்சுத் தெறிக்கிற தண்ணீர் டெக்கிலும் கைப்பிடியிலும் ஆன்டெனாவிலும் அப்படியே உறையும். பனி படியக்கூடிய கடலுக்குப் போறதா இருந்தா, திறந்த டெக்கில் சதுர மீட்டருக்கு 30 கிலோவும், பக்கவாட்டில் தண்ணீருக்கு மேலே தெரியும் பரப்பில் சதுர மீட்டருக்கு 7.5 கிலோவும் பனி இருக்கும்னு வெச்சு ஸ்டெபிலிட்டி கணக்குப் போடச் சொல்லுது விதி.

ஒரு கற்பனைக் கப்பலில் போட்டுப் பார்ப்போம். எடை 5000 டன். ஈர்ப்பு மையம் கீல்லிலிருந்து 7 மீட்டர் உயரம், மெட்டாசென்டர் 8 மீட்டர். இடைவெளி, அதாவது ஜி.எம்., 1 மீட்டர். இது பாசிட்டிவா இருக்கிற வரைக்கும் சாய்ஞ்ச கப்பல் நிமிரும். திறந்த டெக் 1000 சதுர மீட்டர் என்றால் பனி 30 டன். இரண்டு பக்கமும் சேர்த்து 1000 சதுர மீட்டர் என்றால் 7.5 டன். மொத்தம் 37.5 டன், சராசரியா 15 மீட்டர் உயரத்தில். புது ஈர்ப்பு மையம்: 5000-ஐ 7-ஆல் பெருக்கி, அதோடு 37.5 பெருக்கல் 15-ஐக் கூட்டி, 5037.5-ஆல் வகுக்கணும். 7.06 மீட்டர் வரும். மெட்டாசென்டர் மாறலைன்னு வெச்சுக்கிட்டா ஜி.எம். 94 சென்டிமீட்டர்.

'6 சென்டிமீட்டர்தானே'ன்னு தோணும். எடை ஒரு சதவீதம்கூடக் கூடலை, ஆனா நிமிர்த்தும் சக்தியில் 6 சதவீதம் போச்சு. ஆராய்ச்சிக் கப்பலில் இது இன்னும் உறுத்தும், ஏன்னா அதில் ஏற்கெனவே கனமான சாமான்கள் உயரத்தில்தான் இருக்கு: பின்பக்கம் கருவிகளை இறக்குற ஏ-ஃப்ரேம், வின்ச், கிரேன். பனி ஒட்டிக்க இடமும் அதிகம். அதனால் கணக்கு போட்டா மட்டும் போதாது, பனியை இடித்துத் தள்ள மரச் சுத்தியலும் ஆளும் வேணும். தப்பிக்கிற வழிகள் உறையாம இருக்க ஹீட்டிங் வேணும்.

அடுத்தது ஸ்டீல். அந்தக் கடலில், அந்த சீசனில், தினசரி குறைந்தபட்ச வெப்பநிலையின் சராசரியைக் குறைஞ்சது 10 வருஷ டேட்டாவிலிருந்து எடுத்து, அதிலும் மிகக் குறைவானதுக்கு இன்னும் 10 டிகிரி கீழே கப்பலின் சர்வீஸ் டெம்பரேச்சரை வைக்கணும். மைனஸ் 15 வந்தா மைனஸ் 25-க்கு டிசைன். சாதாரண ஸ்டீல் அந்தக் குளிரில் வளையாம உடையும். மெட்டீரியல்ஸ் லேபில் சார்பி டெஸ்ட் எதுக்குன்னு கேட்டவங்களுக்கு இதுதான் பதில்.

எஞ்சின் ரூம் பக்கம் வந்தா விஷயம் வேடிக்கை. நம்ம ஊர் வெயிலில் எஞ்சினைக் குளிர வைக்கிறதுதான் பாடு. அங்கே சுத்தி எல்லாமே ஐஸ் தண்ணீர், ஆனாலும் எஞ்சின் சூடாகி நிக்கலாம். கடல் நீரை உள்ளே இழுக்கிற சீ-செஸ்ட் என்ற பெட்டியில் பனிச்சேறு அடைச்சுக்கும், பம்ப்புக்குத் தண்ணீர் வராது. தீர்வு எளிமையானது: எஞ்சினைச் சுத்தி வந்த சூடான தண்ணீரில் ஒரு பங்கை வெளியே விடாம திரும்ப சீ-செஸ்ட்டுக்கே அனுப்புறது. ஒரு பைப் லைன், சில வால்வு. ஆனா கப்பல் கட்டும்போதே யோசிச்சிருந்தா சுலபம், அப்புறம் சேர்க்கணும்னா டிரை டாக் வரைக்கும் போகணும்.

ஆராய்ச்சிக் கப்பலுக்கே உரிய தலைவலி அடிப்பாகத்தில் இருக்கு. எக்கோ சவுண்டர் சென்சார்கள் அங்கேதான். முகப்பில் உடைஞ்ச பனிக்கட்டி ஹல்லுக்கு அடியில் வழுக்கிக்கிட்டே பின்னால் போகும். வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிற எதையும் பெயர்த்துடும். அதனால் சென்சாரை ஹல்லுக்குச் சமமா உள்ளே பதிச்சு, மேலே பலமான ஜன்னல் மாதிரி ஒரு மூடி போடணும். மூடி தடிமனானா சிக்னல் பலவீனமாகும். விஞ்ஞானிக்கு மெல்லிசா வேணும், கேப்டனுக்கு தடிமனா வேணும்.

இனி ஒரு சங்கடமான விஷயம். அரசுக்குச் சொந்தமான, வியாபார நோக்கம் இல்லாத கப்பல்களுக்கு இந்த 14-வது அத்தியாயம் கட்டாயம் இல்லை. முடிந்த அளவு ஒத்துப்போங்கன்னு ஊக்குவிக்கிறதோட சரி. ஆராய்ச்சிக் கப்பல்கள் பல நாடுகளில் அரசுக் கப்பல்கள்தான். சாகர் நிதியும் மத்திய அரசின் கப்பல்தான். அதாவது, காகிதப்படி பார்த்தா, கோட் கேட்கிற பல வேலைகளைத் தள்ளிப்போட ஒரு கதவு திறந்தே இருக்கு. அந்தக் கதவை நாம பயன்படுத்தக் கூடாதுன்னுதான் நான் நினைக்கிறேன். கப்பலில் போறவங்களில் பாதிப் பேர் மாலுமிகள் இல்லை, பிஎச்.டி. பண்ணுறவங்க, டெக்னீஷியன்கள். நம்மில் சிலரும் இரண்டு மூணு வருஷத்தில் அங்கே இருக்கலாம். 5 நாள் கணக்கு அரசுக் கப்பல்னு பார்த்துக் குறையப் போறதில்லை.

இது இப்போ பேச வேண்டிய விஷயமும்தான். 1981-ல் முதல் இந்திய அண்டார்டிக் பயணம் போனது 'போலார் சர்க்கிள்' என்ற நார்வே வாடகைக் கப்பலில். மைத்ரி, பாரதி நிலையங்களுக்கு ஆளும் சாமானும் கொண்டுபோக இன்னும் வெளிநாட்டுக் கப்பல்களைத்தான் வாடகைக்கு எடுக்கிறோம். 2025 ஜூனில் கொல்கத்தாவின் ஜி.ஆர்.எஸ்.இ. கப்பல் கட்டும் தளமும் நார்வேயின் காங்ஸ்பெர்க்கும் துருவ ஆராய்ச்சிக் கப்பலை இந்தியாவிலேயே கட்ட ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருக்காங்க. டிசைன் பேப்பரில் இருக்கும்போதே சீ-செஸ்ட் பைப்பையும் சென்சார் மூடியையும் பற்றிச் சண்டை போட்டுக்கிறதுதான் மலிவு.

ஒரு கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க. அதே 5000 டன் கப்பல். காற்று ஒரு பக்கமாவே அடிச்சு, நடுக்கோட்டிலிருந்து 8 மீட்டர் தள்ளி 20 டன் பனி படிஞ்சிருக்கு. ஜி.எம். 0.95 மீட்டர். கப்பல் எத்தனை டிகிரி சாயும்? டேன் தீட்டா சூத்திரம்தான். விடை 2 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவா வந்தா சரி. அடுத்து, பனி 60 டன் ஆனா என்னன்னு பாருங்க. ஈர்ப்பு மையமும் மேலே ஏறும், அதை மறந்துடாதீங்க.