றோமா மக்களும் மொழியாராய்ச்சியும்

ஐரோப்பாவிலே 'ஜிப்சி' எனப் பிறரால் அழைக்கப்படும் மக்கள் தம்மை 'றோமா' என்றே வழங்குவர். எகிப்தினின்றும் வந்தோர் எனப் பிழைபடக் கருதியோர் இட்ட பெயர் முன்னையது. நாடோடிகள் என நாம் ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவதும் பிழையே. அவருட் பெரும்பாலார் ஊர்களில் நிலைத்து வாழ்பவர்.

இவர்தம் தாயகம் யாதென நெடுங்காலம் ஐரோப்பியர் அறிந்திலர். ஏடுகள் காட்டாததை மொழி காட்டிற்று. 1782ஆம் ஆண்டில் றூடிகர் என்னும் யேர்மானிய அறிஞர், றோமா மாதொருத்தியிடம் கேட்டறிந்தவற்றை இந்துஸ்தானியோடு ஒப்பிட்டு, இரண்டும் ஓரினத்தன எனக் கண்டார். அவருக்குத் துணையாயிருந்தது சூல்ஸ் பாதிரியார் இயற்றிய இந்துஸ்தானி இலக்கணம். தரங்கம்பாடியில் இருந்து விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பை முற்றுவித்தவர் அப்பாதிரியாரே என்பதைத் தமிழ் மாணவர் நினைவிற் கொள்வாராக.

நீரைப் 'பானி' என்றும், மூக்கை 'நக்' என்றும், காதைக் 'கன்' என்றும் றோமா மொழி வழங்கும். எண்ணுப் பெயர்களுள் இரண்டும் மூன்றும் ஐந்தும் வடஇந்திய மொழிகளை ஒத்தன. ஏழு, எட்டு, ஒன்பது என்பனவோ கிரேக்கச் சொற்கள். குதிரையைக் குறிக்குஞ் சொல் ஆர்மீனியத்தினின்றும் வந்தது. பாரசீகம், ஆர்மீனியா, கிரேக்க நாடு என அவர் கடந்த வழி, இரவற் சொற்களாகவே மொழியிற் பதிந்து கிடக்கின்றது. திசைச்சொல்லைக் கற்பிக்கும்போது இதனினுஞ் சிறந்த உதாரணம் எமக்குக் கிடைத்திலது.

சென்றடைந்த நாடுகள் அவரை அன்போடு ஏற்றில. இன்றைய ருமேனியாவைச் சார்ந்த வலாக்கியாவிலும் மொல்டாவியாவிலும் 14ஆம் நூற்றாண்டு தொட்டு அடிமைகளாக விற்கப்பட்டனர். 1855, 1856ஆம் ஆண்டுகளிலேயே அந்நிலை முற்றாக நீங்கிற்று.

மொழியறிவு நன்மைக்கே பயன்படும் என எண்ணுவோர் ஏவா யுஸ்ரின் என்பாளின் செயலை அறிதல் வேண்டும். நாசி ஆட்சியிலே, றிற்றர் என்னும் மருத்துவரின் தலைமையில் றோமாக்களின் வமிசாவளியை ஆய்ந்த குழுவில் அவள் பணியாற்றினாள். தம் மொழியைப் பேசியமையால் அவளை அவர் நம்பினர். செந்நிறக் கூந்தல் கண்டு ஒரு பெயரும் இட்டு வழங்கினர். முல்பிங்கன் என்னும் ஊரின் சிறுவர் இல்லத்தில், பெற்றோரைப் பிரிந்திருந்த சின்ரிக் கிளைப் பிள்ளைகளை ஆராய்ந்து அவள் கலாநிதிப் பட்டம் பெற்றாள். ஆராய்ச்சி முடிந்தபின், 1944 மே மாதத்தில், 39 பிள்ளைகள் ஓஸ்விற்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். மீண்டவர் நால்வர். அவ்வாண்டு ஓகஸ்ட் 2ஆம் திகதி இரவில், அம்முகாமில் எஞ்சியிருந்த 4,000க்கு மேற்பட்ட றோமாக்கள் நச்சுவாயுவாற் கொல்லப்பட்டனர்.

யுஸ்ரினோ றிற்றரோ தண்டிக்கப்பட்டிலர். 1943க்கு முன் நிகழ்ந்தவை இனப்பகையால் விளைந்தனவல்ல, குற்றத்தடுப்பு நடவடிக்கையே என 1956இல் மேற்கு யேர்மனியின் உயர் நீதிமன்றம் தீர்த்தது. அதனால் நட்டஈடும் மறுக்கப்பட்டது. கொலையினும் இத்தீர்ப்பு எம் நெஞ்சை உறுத்துவதுண்டு. 1963இல் அஃது ஓரளவு திருத்தப்பட்டது. 1980இல் சின்ரி மக்கள் டாக்கௌ முகாம் நிலத்திலே உண்ணாநோன்பிருந்தனர். 1982இற்றான் ஆட்சித்தலைவர் ஹெல்முட் ஷ்மிட் அதனை இனப்படுகொலை என ஏற்றுரைத்தார்.

றோமாக்களே ஆராய்ச்சியாளராகவும் எழுந்தனர். இங்கிலாந்திற் பிறந்த இயன் ஹான்கொக், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மொழிநூல் கற்பித்தவர். தம் இனத்தாரின் அடிமை வரலாற்றை 1987இல் நூலாக்கினார்.

செக் நாட்டு ஒஸ்ராவா நகரில், மனவளர்ச்சி குன்றியோர்க்கான பள்ளிகளில் றோமாப் பிள்ளைகளைச் சேர்த்தமை குறித்து 18 மாணவர் வழக்குத் தொடுத்தனர். 2007 நவம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பாகுபாடு நிகழ்ந்ததெனத் தீர்த்தது. அப்பிள்ளைகளை அங்கு அனுப்பியது ஒரு சோதனை. அச்சோதனையோ பெரும்பான்மையோரின் பிள்ளைகளை அளவாகக் கொண்டு ஆக்கப்பட்டிருந்தது.