சாட்டர்ன் ஏன் தோற்றது?

நல்ல சரக்கு விற்கும். கெட்ட சரக்கு தேங்கும். வணிகத்தைப் பற்றி நம்மில் பலர் கொண்டுள்ள எண்ணம் இதுவே. நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். சேகா நிறுவனத்தின் ‘சாட்டர்ன்’ என்ற வீடியோ கேம் கருவியின் வரலாற்றைப் படித்தபின் என் எண்ணம் மாறியது.

சேகா இத்துறையில் பழம் தின்று கொட்டை போட்ட நிறுவனம். அதன் ‘ஜெனிசிஸ்’ கருவி 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நிண்டெண்டோவை எதிர்த்து நின்றது. அடுத்த கருவியான சாட்டர்ன் 1994 நவம்பர் 22 அன்று ஜப்பானில் வெளிவந்தது. 11 நாள் கழித்து, இத்துறைக்குப் புதிதான சோனி தன் பிளேஸ்டேசனை வெளியிட்டது. இறுதியில் பிளேஸ்டேசன் 10 கோடிக்கு மேல் விற்றது. சாட்டர்னோ 1 கோடியையும் எட்டவில்லை. ஏன்?

அமைப்பே காரணம் என்பர் சிலர். சாட்டர்னில் முதன்மைச் செயலிகள் இரண்டு. இரு மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டி இணையாக ஓட்டுவது தேர்ந்த வண்டிக்காரனுக்கே கைவரும். விளையாட்டு எழுதுவோர் பலர் திணறினர். விலையே காரணம் என்பர் வேறு சிலர். அமெரிக்காவில் சாட்டர்ன் 399 டாலர். பிளேஸ்டேசன் 299 டாலர்.

இவ்விரண்டும் உண்மையே. ஆயினும் இவை மட்டுமே காரணமென்றால், ஜப்பானிலும் சாட்டர்ன் தொடக்கத்திலேயே வீழ்ந்திருக்க வேண்டுமன்றோ? அங்கும் அதே இரட்டைச் செயலிகள். அங்கும் பிளேஸ்டேசனைவிட விலை கூடுதல். எனினும் அங்கே முதலில் அது நன்றாகவே விற்றது. அதன் மொத்த விற்பனையில் பாதிக்கு மேல் ஜப்பானில் நிகழ்ந்ததே. எனவே அமெரிக்காவில் நடந்தது என்ன என்று காண்போம்.

1995 செப்டம்பர் 2 அன்று அங்கே விற்பனை தொடங்கும் என்று சேகா அறிவித்திருந்தது. ஆனால் மே 11 அன்று லாஸ் ஏஞ்சலிசில் நடந்த கண்காட்சியில், சாட்டர்ன் கடைகளுக்குப் போய்விட்டது என்று திடீரென அறிவித்தது. சோனியை முந்திவிட வேண்டும் என்ற அவசரம்! அப்போது கருவியைப் பெற்றவை நான்கு கடைத்தொடர்கள் மட்டுமே. ஏனைய வணிகர் வெகுண்டனர். கேபி டாய்ஸ் சாட்டர்னை விற்கவே மறுத்தது. செப்டம்பரை எண்ணி உழைத்த நிறுவனங்களின் விளையாட்டுகள் இன்னும் ஆயத்தமாகவில்லை. அதே கண்காட்சியில் சோனியின் அலுவலர் மேடையேறி, 299 என்ற எண்ணை மட்டும் கூறிவிட்டு இறங்கினார்.

வாங்குவோரும் மனம் கசந்திருந்தனர். ஜெனிசிசுடன் இணைக்கும் ‘32எக்ஸ்’ என்ற துணைக்கருவியைச் சேகா 1994 நவம்பரில்தான் அங்கே விற்கத் தொடங்கியிருந்தது. ஆறே மாதத்தில் புதுக்கருவி வந்துவிட, முன்னதை வாங்கியவர்களின் கைக்காசு வீணாயிற்று.

அவ்வாண்டு முடியுமுன்பே சாட்டர்ன் விலையும் 299 டாலராகக் குறைந்தது. விற்பனை மீளவில்லை. விலையைக் குறைக்க ஓர் அறிவிப்புப் போதும். போன நம்பிக்கையை மீட்க அது போதாது.

அதன் கடனை அடுத்த கருவி கட்டியது. 1998-ல் ஜப்பானிலும் 1999-ல் அமெரிக்காவிலும் வந்த ‘ட்ரீம்காஸ்ட்’ பலரும் பாராட்டிய கருவி. ஆனால் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற பெருநிறுவனம் அதற்கு விளையாட்டுகள் தர முன்வரவில்லை. 2000-ல் பிளேஸ்டேசன் 2 வந்தது. 2001 சனவரியில் சேகா கருவித் தொழிலையே கைவிடுவதாக அறிவித்தது. பின்னர் பழைய போட்டியாளரின் கருவிகளுக்கே விளையாட்டு எழுதலாயிற்று.

நண்பர்களே! நம்மில் பொறியியல் பயில்வோர் நாளை கருவி செய்வர். வணிகவியல் பயில்வோர் அதை விற்பர். வாங்குபவன் தரும் பணத்தில் பாதி கருவிக்கு. மறுபாதி, நாளையும் அது பயன்படும் என்று நாம் தரும் சொல்லுக்கு. அச்சொல்லைக் காப்பதும் நம் தொழிலில் ஒரு பகுதி என்பதை மறவாதிருப்போம்.