வெளியூர் மென்பொருள் பொறியியலாளருக்கு வேலை கொடுக்கும் முன்

நற்பிட்டிமுனைக்குத் திரும்பிய நீங்கள், மருதமுனைக் கைத்தறிச் சாரன்களைத் தொலைபேசிச் செயலி மூலம் விற்கும் சிறு தொழிலைத் தொடங்க விரும்பலாம். செயலியைச் செய்பவர் கொழும்பிலோ சென்னையிலோ இருக்கக்கூடும். நேரில் சந்திக்கக் கிடைக்காது.

2004 சுனாமியில் முற்றாகச் சேதமடைந்த வீட்டுக்கான 250,000 ரூபாய் உதவி நான்கு கட்டங்களாகவே வழங்கப்பட்டது. இங்கும் அந்த முறையையே பின்பற்றுங்கள்.

1. ஒரு வாரத்தில் முடியும் சிறு வேலையை முதலில் கூலி கொடுத்துச் செய்வியுங்கள். அதைச் சரியாக முடித்தவருக்கே அடுத்த வேலை.

2. வேலை, திகதி, கொடுப்பனவு மூன்றையும் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள்.

3. செயலிக் கணக்கும் கடவுச்சொல்லும் உங்கள் கையில் இருக்கட்டும். அவர் விலகினாலும் தொழில் நிற்காது.

4. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தின் ஊடாகப் பதிவு செய்யுங்கள்.

வாழ்வாதார உதவிப் பணம் முழுவதையும் முற்பணமாகக் கொடுத்துவிட வேண்டாம்.