ஒலி மாறாது, தோற்றம் மாறும்

நுழையும்முன்

இசையைக் காதால் கேட்கிறோம். குழுவாக வாசிப்போரோ அதைக் கண்ணாலும் படிக்கின்றனர். படிக்கும் தாள் தெளிவாக இல்லையெனில் தேர்ந்த கையும் தடுமாறும். அத்தாளைக் கணினியில் சீரமைக்கும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

மேற்கத்திய இசையை ஐந்து இணைகோடுகளின்மீது எழுதுவர். இதற்கு ‘ஸ்டாஃப்’ என்பது பெயர். கருநாடக இசைநூல்களில் சுரத்தின்மேல் புள்ளியிட்டால் மேல் ஸ்தாயி. கீழே இட்டால் கீழ் ஸ்தாயி. ஐந்து கோடுகளிலோ புள்ளியின் வேலையை உயரம் செய்கிறது. குறி மேலே ஏற ஏற ஒலியும் உயரும். நம் கீர்த்தனைகளை இக்கோடுகளில் எழுதிச் சின்னசாமி முதலியார் 1893ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து நூலாக வெளியிட்டார். இன்று இத்தகைய பணிக்கு மியூஸ்ஸ்கோர் போன்ற மென்பொருள்கள் உள்ளன. அது கட்டணமின்றிக் கிடைப்பது.

திரையில் இசையை எழுதி முடித்தபின் முதலில் கவனிக்க வேண்டியது அளவு. அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடைப்பட்ட தூரமே எல்லாவற்றிற்கும் அடிப்படை. அத்தூரம் 1.75 மில்லிமீட்டர் எனில், நான்கு இடைவெளிகள் கொண்ட ஸ்டாஃபின் உயரம் 7 மில்லிமீட்டர் ஆகும். இடைவெளியைக் கூட்டினால் குறிகளும் உடன் பெரிதாகும், பக்கங்களும் பெருகும். இருவர் ஒரே தாளைப் பார்த்து வாசிப்பதாயின் சற்றுப் பெரிய அளவே நன்று.

பக்கம் முடியும் இடமும் முக்கியமானது. வயலின் வாசிப்பவருக்கு இரு கைகளும் வேலையில் இருக்கும். ஓடும் வாசிப்பின் நடுவே தாளைப் புரட்ட இயலாது. ஆகவே, அவர் ஓய்ந்திருக்கும் இடத்தில் பக்கம் முடியுமாறு அமைக்க வேண்டும். தாளப் பிரிவைக் காட்டும் செங்குத்துக் கோட்டைத் தேர்ந்து ‘என்டர்’ விசையை அழுத்தினால் வரி அங்கே முடியும். ‘கன்ட்ரோல்’ விசையையும் சேர்த்து அழுத்தினால் பக்கமே முடியும். நெடுநேரம் ஓய்ந்திருப்பவருக்கு வெற்றுக் கட்டங்களை வரிசையாகக் காட்ட வேண்டியதில்லை. ‘எம்’ விசை அவற்றை ஒரே தடித்த கோடாகச் சுருக்கி, எத்தனை கட்டங்கள் என்ற எண்ணை மேலே இடும்.

இவையெல்லாம் கண்ணுக்கான வசதிகள். கிளாரினெட்டின் தாளிலோ தோற்றமே இசையைக் கெடுத்துவிடக் கூடும். பி பிளாட் கிளாரினெட்டில் ‘சி’ என எழுதியதை வாசித்தால் ‘பி பிளாட்’ ஒலிக்கும். அஃதாவது, எழுத்தைவிட ஒலி ஒரு முழுச்சுரம் தாழ்ந்தது. இது விந்தையாகத் தோன்றலாம். ஆனால், பாடுபவர் ஒரு கட்டையில் பாடினாலும் ஐந்து கட்டையில் பாடினாலும் நாம் ‘ஸ’ என்றே எழுதுகிறோம் அல்லவா? அதனை நினைத்தால் இதுவும் விளங்கும். கிளாரினெட் கலைஞருக்கு எழுத்து என்பது விரல் வைக்கும் இடத்தின் பெயர்.

மியூஸ்ஸ்கோரில் ‘கான்சர்ட் பிட்ச்’ என்னும் பொத்தான் உண்டு. அதனை இயக்கினால் எல்லாக் கருவிகளின் குறிகளும் உண்மையில் ஒலிக்கும் சுரத்திலேயே தோன்றும். இசையமைப்பவர் ஒப்பிட்டுப் பார்க்க இது உதவும். அணைத்தால் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய குறி தோன்றும். இரு நிலைகளிலும் கணினி எழுப்பும் ஒலி ஒன்றே. அதனால்தான் காதால் கேட்டுப் பிழையைக் கண்டறிய முடியாது. பொத்தானை இயக்கியபடியே கிளாரினெட்டுக்குரிய தாளை அச்சிட்டால் என்ன நேரும்? புல்லாங்குழல் ‘பி பிளாட்’ ஒலிக்க, கிளாரினெட் ‘ஏ பிளாட்’ ஒலிக்கும். கலைஞர் தாளில் உள்ளதைப் பிழையின்றித்தான் வாசித்திருப்பார். எனவே, அச்சிடுமுன் அப்பொத்தான் அணைந்துள்ளதா எனப் பார்த்தல் வேண்டும்.

பயிற்சி

1. கோடுகளின் இடைவெளி 2 மில்லிமீட்டர் எனில் ஸ்டாஃபின் உயரம் எவ்வளவு?

2. புல்லாங்குழல் ‘சி’ வாசிக்கிறது. அதே சுரம் ஒலிக்க, பி பிளாட் கிளாரினெட்டின் தாளில் எக்குறி இருத்தல் வேண்டும்?

3. பிரித்து எழுதுக: அத்தாளை, அச்சிடுமுன்.